பத்துச் செடிச் சுவரொட்டியும் காட்டு மருந்தும்: பிலிப்பைன்ஸ் பழங்குடிகளின் மூலிகைகள் குறித்து ஓர் உரையாடல்

தென்கடல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மிண்டனாவோ தீவிலுள்ள டாவோ நகரில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, சென்ற ஆண்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே படிக்கும் நம் பிள்ளைகளின் எண்ணிக்கையை நீங்கள் அறிவீர்கள். பயிற்சிக் காலத்தில் கிராமச் சுகாதார நிலையங்களுக்குச் சென்றபோதெல்லாம், எடைபார்க்கும் கருவிக்கு மேலே ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்துச் செடிகளின் படங்களும், ஒவ்வொன்றின் கீழே அதன் பயனும் அதில் இருக்கும். 1992ஆம் ஆண்டு ஹுவான் ஃபிளாவியர் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்தபோது தொடங்கப்பட்ட மரபு மருத்துவத் திட்டத்தின் வழியாகப் பரவிய பட்டியல் அது.

அந்தப் பத்தும் இவை: இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் லகுண்டி, சிறுநீர்க் கல்லுக்குச் சம்போங், வயிற்று வலிக்குச் சாங் குபாத், படைக்கு அகபுல்கோ, குடற்புழுவுக்கு நியோக்-நியோகன், சர்க்கரை நோய்க்கு அம்பலாயா, கொழுப்புக்குப் பாவாங், புண் கழுவப் பயாபாஸ், மூட்டு வலிக்கு உலாசிமாங் பாதோ, உடல் வலிக்கு யெர்பா புவெனா.

இவற்றில் ஐந்தாறு செடிகள் நம் வீட்டு வேலியிலேயே நிற்பவை என்று கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. இவற்றைத் தமிழ்ப் பெயர்களோடு பட்டியலிட்டு, 'பிலிப்பைன்ஸ் பழங்குடியினரின் பத்து மூலிகைகள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செடிகளின் தமிழ்ப் பெயர்களைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வண்டுகொல்லி

தம்பி, நான் முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். என் புனைபெயரே உங்கள் பட்டியலில் இருப்பதால் சும்மா இருக்க முடியவில்லை. அகபுல்கோ என்பது நாம் சீமை அகத்தி என்றும் வண்டுகொல்லி என்றும் சொல்லும் செடிதான். மெழுகுவத்தியை நட்டு வைத்ததுபோல் மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது இங்கும் உண்டு, அங்கும் உண்டு.

லகுண்டி நம் நொச்சி. அம்பலாயா பாகல், பாவாங் பூண்டு, பயாபாஸ் கொய்யா. நியோக்-நியோகன் என்பது வீட்டு முகப்பில் படரவிடும் ரங்கூன் மல்லி. நியோக் என்றால் தேங்காய். அதன் விதையை மென்றால் தேங்காய்ச் சுவை தெரியும் என்பதால் வந்த பெயர். அளவு மிஞ்சினால் விக்கல் பிடித்துக்கொள்ளும். சாங் குபாத் என்பதற்குக் காட்டுத் தேநீர் என்று பொருள். நம் ஊர்களில் குரங்கு வெற்றிலை என்பார்கள். யெர்பா புவெனா புதினா இனத்தைச் சேர்ந்தது. பெயர் ஸ்பானிய மொழியில் நல்ல மூலிகை என்பதைக் குறிக்கும். சம்போங்கை மட்டும் சம்போங் என்றே எழுதிவிடுங்கள். இலையைக் கசக்கினால் கற்பூர மணம் வரும் என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவருக்குப் போதும்.

ஆனால் பெயர்களைச் சரிபார்க்கும்போதே ஒரு செய்தி கண்ணில் படுகிறது. அகபுல்கோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்திறங்கிய அமெரிக்கச் செடி அது. கொய்யாவும் அப்படித்தான், குவயாபா என்ற ஸ்பானியச் சொல்தான் பயாபாஸ் ஆனது. உலாசிமாங் பாதோவின் தாயகமும் அமெரிக்காவே. பூண்டு நடு ஆசியாவிலிருந்து வந்தது. பத்தில் நான்கு செடிகள் வெளியூர்க்காரர்கள் என்றால், 'பழங்குடியினரின் பத்து மூலிகைகள்' என்ற தலைப்பை வைப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டாமா?

குறிஞ்சிமகன்

ஆசிரியை அம்மா மென்மையாகச் சொன்னதை நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைப்பு தவறு. அது அரசின் பட்டியல். பழங்குடிகளின் பட்டியல் அன்று. ஆய்வகத்தில் சோதிக்க எளிதாக, சமவெளியில் எந்த வீட்டுக் கொல்லையிலும் வளர்வதாக, நஞ்சில்லாததாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடிகள் அவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, நல்ல திட்டமே. ஆனால் பினதுபோ மலைச்சரிவில் வாழும் ஆய்தா மக்களுக்கோ, மிண்டோரோவின் மங்யான் மக்களுக்கோ, அகுசான் ஆற்றங்கரையின் மனோபோ மக்களுக்கோ மருந்து என்பது பத்துச் செடிகளில் அடங்கிவிடுவதில்லை.

பினதுபோ ஆய்தா மக்களைப் பற்றி ராபர்ட் ஃபாக்ஸ் 1952இல் எழுதிய ஆய்வில், அங்குள்ள ஆண்களில் பெரும்பாலோர் குறைந்தது 450 செடிகளின் பெயர்களைத் தடையின்றிச் சொல்வார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். இதைவிட என்னைக் கவர்ந்தது அவர்கள் ஒரு செடியை அடையாளம் காணும் விதம். ஐயம் வந்தால் உடனே பெயர் சொல்லிவிடுவதில்லை. பழத்தைச் சுவைத்து, இலையை முகர்ந்து, தண்டை ஒடித்துப் பார்த்து, அது எந்த மாதிரி இடத்தில் வளர்ந்திருக்கிறது என்பதையும் பேசிய பிறகே, தெரியும் என்றோ தெரியாது என்றோ முடிவு சொல்வார்களாம். தெரியாது என்று சொல்வதற்கு முன்பும் இத்தனை சோதனை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மிண்டோரோவின் ஹனுனுவோ மங்யான் மக்களிடையே தங்கி 1954இல் ஆய்வேடு எழுதிய ஹெரால்ட் காங்க்லின், அவர்கள் 1,600க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தறிவதைக் கண்டார். அதே நிலப்பரப்புக்குத் தாவரவியல் தரும் இனங்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அந்தச் செடிவகைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவை உணவாகவோ மருந்தாகவோ வேறு ஏதேனும் ஒரு வகையிலோ பயன்படுபவையாக இருந்தன.

இவ்வளவு அறிவை ஒரு சுவரொட்டியின் பெயரில் எழுதுவது கடலைக் குடத்தில் அளப்பது போன்றது.

தென்கடல்

நீங்கள் இருவரும் சொல்வது சரி. உண்மையைச் சொன்னால், அந்தத் தலைப்பை எழுதும்போதே எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. காரணத்தை இப்போது சொல்கிறேன்.

அகுசான் டெல் சூர் மாகாணத்தில் ஒரு மனோபோ கிராமத்துக்கு மூன்று வாரப் பயிற்சிக்குச் சென்றிருந்தோம். சுகாதார நிலையத்தின் சுவரில் அதே சுவரொட்டி இருந்தது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், மரத்தூண்களின் மேல் எழுப்பிய ஒரு வீட்டில், மருத்துவம் பார்க்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். மருத்துவம் செய்பவரை அங்கே மனனம்பால் என்கிறார்கள். அவருடைய வீட்டு உத்தரத்தில் அகன்ற வாய்ப் புட்டி ஒன்று கயிற்றில் தொங்கியது. பாதிக்கு மேல் தேங்காயெண்ணெய். அதற்குள் விரல் நீளத்துக்கு நறுக்கிய வேர்களும் கொடித்துண்டுகளும் பட்டைகளும் ஊறிக்கொண்டிருந்தன. எண்ணெய் பழுப்பேறிப் பனைவெல்லப் பாகின் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. எண்ணெய் குறையக் குறைய ஊற்றுவாராம். துண்டுகளை மட்டும் மாற்றுவதில்லையாம். தீய எண்ணத்தோடு எவரேனும் வாசலுக்கு வந்தால் அந்த எண்ணெய் தானாகப் பொங்கும் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்தத் துண்டுகளில் ஒன்றை அவர் லூனாஸ் என்றார். லூனாஸ் என்றால் தீர்வு, முறிவு மருந்து என்று பொருள். நம்முடைய 'முறி' என்ற சொல்லுக்கு நெருக்கமானது. அது ஒரே செடியின் பெயர் அன்று. கொடி லூனாஸ், வெற்றிலை லூனாஸ் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல செடிகள் அந்தப் பெயரில் அடங்குகின்றன. நஞ்சை முறிக்கும் என்று நம்பப்படும் எதுவும் லூனாஸ்தான். நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, எந்தக் கொடி, எந்தப் பக்கத்துக் காடு என்று கேட்டேன். அவர் புட்டியை மீண்டும் கயிற்றில் மாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அகுசான் மனோபோ மக்கள் பயன்படுத்தும் 122 மருந்துச் செடிகளை, 51 தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவற்றை, பதிவு செய்துள்ளது. ஊர் திரும்பிய பின்னரே அதைப் படித்தேன். மூதாட்டி சொல்லாமல் விட்டது அதில் இருக்கிறதா என்று தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெல்லைச்சித்தம்

மருத்துவர் தம்பிக்கு வணக்கம். சித்த மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது நொச்சி. தலைபாரத்துக்கும் நீர்க்கோவைக்கும் நாம் நொச்சியிலையை வேது பிடிக்கிறோம், தலையணைக்குள் வைக்கிறோம். பிலிப்பைன்ஸ்காரர்கள் அதையே இருமல் மருந்தாகக் குடிக்கிறார்கள். அங்கே 1970களில் தொடங்கிய தேசிய மூலிகை ஆய்வுத் திட்டத்தில், மருத்துவர் நெலியா மரம்பா உள்ளிட்டோர் லகுண்டியை ஆய்வகத்திலிருந்து நோயாளியிடம் கொண்டு சென்று சோதித்து, மாத்திரையாகவும் பாணியாகவும் (சிரப்) கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அங்குள்ள எந்த மருந்துக்கடையிலும் லகுண்டிப் பாணி கிடைக்கும். அதே செடி நம் வேலியில் ஆடு கூடத் தின்னாமல் நிற்கிறது என்பதை எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

இரண்டாவது செய்தி முக்கியமானது. அந்த அரசுத் திட்டம் மக்களுக்குத் தந்த அறிவுரைகளில் ஒன்று, ஒரு நோய்க்குறிக்கு ஒரே செடியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது. மண்பானையில் மூடாமல், சிறு தீயில் கொதிக்க வைக்கவும் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வேளை குடித்தும் குணம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். எல்லாம் நல்ல அறிவுரை. ஆனால் ஒரே செடி என்ற விதியை நீங்கள் பார்த்த புட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனனம்பாலின் மருந்து கூட்டு மருந்து. பட்டையின் வெம்மையை வேர் தணிக்கும் என்பது போன்ற ஒரு கணக்கு அதற்குள் இருக்கும். நம்முடைய குடிநீர்ச் சூரணங்களும் அப்படிப்பட்டவைதான். சமவெளிப் பிலிப்பினோக்களிடமே பீதோ-பீதோ என்ற ஏழு பொருள் கூட்டுக் குடிநீர் உண்டு. ஆய்வகத்துக்கு ஒரு செடி, ஒரு சத்து, ஒரு நோய் என்றால்தான் வசதி. பழங்குடி மருத்துவம் அந்த வசதிக்கு இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்ற பெண் உடல் தேறுமுன் வேலை செய்தாலோ குளிரில் நனைந்தாலோ வரும் கோளாறை விசாயன் மொழியில் புகாத் என்பார்கள். பிலிப்பைன்ஸ் பழங்குடிகளின் மருந்துகளைப் பற்றிய எந்தப் பதிவை எடுத்தாலும் இதற்கான வேர்களும் இலைகளும் கணிசமாக இருக்கும். நவீன மருத்துவ நூலில் அந்த நோய்க்குப் பெயரே இல்லை. நம் பாட்டிமார்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை; பேறுகால மருந்தும் பத்தியமும் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

அவசரப்பிரிவு

இழை சுவையாகப் போகிறது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நான் இரவு முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவன் என்பதால் சிலவற்றை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991 சூன் 15 அன்று பினதுபோ எரிமலை வெடித்தது. ஆய்தா மக்கள் மலையிலிருந்து இறக்கப்பட்டு முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அந்த முகாம்களில் அவர்களுடைய குழந்தைகளைக் கொன்றது எரிமலை அன்று, தட்டம்மை. 450 செடிகளின் பெயர் அறிந்தவர்களின் பிள்ளைகள்தாம் அவர்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்கியதும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம்.

லூனாஸ் நஞ்சை முறிக்கும் என்று படிப்பவர்கள் பாம்புக்கடிக்கும் அதை நம்பிவிடுவார்களோ என்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. எந்த எண்ணெயைத் தடவினாலும் மூச்சு திரும்பாது. எதிர்நஞ்சு மருந்தும் செயற்கைச் சுவாசமுமே காப்பாற்றும். கட்டுரையில் லூனாஸைப் பற்றி எழுதுவீர்களானால் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

மூன்றாவதாக ஏழிலைப்பாலை. அங்கே அதற்கு தீத்தா என்று பெயர், பட்டையைக் காய்ச்சலுக்குக் குடிப்பது நெடுநாள் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் மணிலாவிலிருந்த ஒரு மருந்தாளர் அதிலிருந்து தீத்தாயின் என்ற பொருளைப் பிரித்து, மலேரியா மருந்தான கொயினாவுக்கு மாற்று என்றார். பின்னர் நடந்த சோதனைகளில் மலேரியா ஒட்டுண்ணியின் மேல் அதற்குக் கொயினா அளவுக்கு வலிமை இல்லை என்று தெரியவந்தது. மரபில் இருக்கிறது என்பது சோதிக்கத் தகுந்தது என்பதற்குச் சான்று. வேலை செய்யும் என்பதற்குச் சான்று அன்று.

சீந்திலின் உறவுக்கொடியான மக்காபுஹாய் பற்றி எழுதுவதாக இருந்தாலும் கவனம் தேவை. பெயரின் பொருள் உயிர் கொடுப்பது என்பதாக இருக்கலாம். அந்தக் கொடியைத் தொடர்ந்து உண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. நம் சீந்திலுக்கும் கொரோனா காலத்தில் மும்பையிலிருந்து அதே மாதிரியான பதிவுகள் வந்தன.

குறிஞ்சிமகன்

மருத்துவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். தட்டம்மையைப் பற்றி மட்டும் ஒரு சொல். நெருக்கமாக அடைக்கப்பட்ட முகாமில் பரவும் நோய் அது. மலைச்சரிவில் இங்கொரு குடும்பம் அங்கொரு குடும்பமாக வாழ்ந்த மக்களுக்கு அதற்கு மருந்து தேடவேண்டிய தேவை பெரிதாக எழுந்திருக்காது. அவர்களுடைய மருந்துகள் அந்த மலையில் வரும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் ஆனவை. எரிமலை அந்தக் காட்டைச் சாம்பலால் மூடியபோது மருந்துப் பெட்டியும் சேர்ந்தே புதைந்தது. ஆகவே அந்தச் சாவுகளை மூலிகையின் தோல்வி என்று மட்டும் எழுதிவிட முடியாது. தடுப்பூசி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை.

ஆய்தா மக்களிடம் மருந்தோடு சேர்ந்த வேறொரு அறிவும் உண்டு. கூகோ என்ற பெருங்கொடியின் பட்டையை நார் நாராகத் தட்டித் தண்ணீரில் பிசைந்தால் சோப்பைப் போல நுரைக்கும். அதில் தலை முழுகுவார்கள். பொடுகும் போகும் என்பார்கள். நம் அரப்பைப் போன்றது. வியட்நாம் போர்க் காலத்தில் சூபிக் கடற்படைத் தளத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் காட்டில் உயிர்பிழைக்கும் கலையைக் கற்பித்தவர்கள் ஆய்தா மக்களே. எதைத் தின்னலாம், எந்தக் கொடியில் குடிநீர் கிடைக்கும், எதைப் புண்ணில் வைக்கலாம் என்பது பாடமாக இருந்தது. படைத்தளம் 1992இல் மூடப்பட்டது. அந்த அறிவுக்காக அவர்களுக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

காயல்மகள்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். பிலிப்பைன்ஸில் டெங்குக் காய்ச்சலுக்குத் தாவா-தாவா என்ற செடியைக் காய்ச்சிக் குடிப்பதாகவும், அது நம் அம்மான் பச்சரிசிதான் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா? என் மாமியார் நிலவேம்போடு இதையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

அவசரப்பிரிவு

அக்கா, இரண்டும் ஒரே செடிதான். ஒடித்தால் பால் வரும், தரையோடு படரும் அந்தச் சிறு செடி. அங்கே மக்கள் பரவலாகக் குடிக்கிறார்கள், அரசின் அறிவியல் துறையும் அதை ஆராய நிதி தந்திருக்கிறது. ஆனால் டெங்குவுக்கு அது சிகிச்சை என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்கவில்லை. தட்டணுக்களை எண்ணிப் பார்ப்பதற்கும், தேவைப்பட்டால் நரம்பு வழியே நீர் ஏற்றுவதற்கும் எதுவும் மாற்றில்லை. மாமியாரிடம் கஞ்சியும் நீரும் தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து கூடும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

2020இல் செபூ மாகாண ஆளுநர் தூஓப் என்ற ஆவி பிடித்தலைக் கொரோனாவுக்குப் பரிந்துரைத்ததும், சுகாதாரத் துறை அதற்கு எதிராக எச்சரித்ததும் இதே வகைச் சண்டைதான். நம் ஊரிலும் மறு ஆண்டு தெருமுனையில் ஆவி பிடிக்கும் கருவி வைத்ததைப் பார்த்தோமே.

வழக்குரை

நீதிமன்ற வேலைக்கு நடுவே தாமதமாக வருகிறேன். இதுவரை யாரும் தொடாத ஒரு கேள்வி இருக்கிறது. தென்கடல் சொன்ன மூதாட்டி புட்டியைக் கயிற்றில் மாட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னாரே, அந்த மறுப்புக்குச் சட்டத்தில் என்ன இடம்?

பிலிப்பைன்ஸில் அதற்கு இடம் இருக்கிறது. 1995இல் அதிபர் ஃபிடெல் ராமோஸ் பிறப்பித்த 247ஆம் ஆணை, உயிரியல் வளங்களைத் தேடி எடுப்பதை முறைப்படுத்த உலகிலேயே முதலில் வந்த நாட்டளவிலான விதிகளுள் ஒன்று. பழங்குடிகளின் மூதாதையர் நிலத்தில் செடி எடுக்க வேண்டுமானால், அவர்களுடைய வழக்கப்படி, முன்கூட்டியே, விவரம் அறிவித்துப் பெற்ற ஒப்புதல் வேண்டும் என்று அது கூறியது. 1997இல் வந்த பழங்குடிகள் உரிமைச் சட்டம் அதை இன்னும் வலுவாக்கியது. அதே ஆண்டில் நிறைவேறிய மரபு மருத்துவச் சட்டத்தின் கொள்கைப் பகுதியிலும் ஓர் அரிய வரி உண்டு. பழங்குடிச் சமூகங்கள் தங்கள் மருத்துவ அறிவுக்கு உடைமையாளராக இருப்பதற்கான சட்ட வழியை அரசு தேட வேண்டும். வெளியார் அதைப் பயன்படுத்தினால் மூலத்தை ஒப்புக்கொள்ளவும் வருவாயில் பங்கு தரவும் அச்சமூகங்கள் கோரலாம் என்கிறது அது. பழங்குடிகளின் அறிவை ஆய்வு செய்து ஆவணப்படுத்துவதற்கென்றே தேசியப் பழங்குடிகள் ஆணையம் 2012இல் தனி நெறிமுறையை வெளியிட்டது. ஒரு மாணவர் ஆய்வேட்டுக்காகக் கேட்டாலும் ஒப்புதல் தேவை.

இந்த விதிகள் திடீரென்று முளைத்தவை அல்ல. விசாயன் தீவுகளில் இகாசூத் என்றொரு கொடி. அதன் கசப்பு விதையை நஞ்சுக்கும் நோய்க்கும் காப்பாக மக்கள் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். மணிலாவிலிருந்த இயேசு சபை மருந்தாளர் கியோர்க் யோசஃப் கமேல் அதைப் பற்றி எழுதியனுப்ப, 1699இல் லண்டன் அறிவியல் கழகத்தின் இதழில் அது வெளியானது. விதைக்குப் புனித இஞ்ஞாசியார் அவரை என்று பெயரிட்டார்கள். 1818இல் பாரிசில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் அதே விதையிலிருந்துதான் ஸ்ட்ரிக்னைனை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் எட்டிக்கொட்டையின் நஞ்சும் அதுவே. கமேலின் பெயரால் கமேலியா என்ற பேரினமே உண்டு. விதையை அவருக்குக் காட்டியவரின் பெயர் எங்கும் இல்லை.

நம் பக்கத்துக் கதையையும் பாருங்கள். 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களோடு நடந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றார்கள், அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995இல் உரிமம் வழங்கப்பட்டு, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. உலகமே பாராட்டியது. ஆனால் காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர், இதைச் சொல்லும் உரிமை அந்த இளைஞர்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டார்கள். ஒப்புதல் வாங்குவது என்றால் யாரிடம் வாங்குவது என்ற கேள்வி அகத்தியமலைக்கும் அகுசானுக்கும் பொதுவானது.

நெல்லைச்சித்தம்

வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெயரைச் சொல்லாமல் இருப்பதைப் பொறாமை என்றோ மூடநம்பிக்கை என்றோ நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். பலவான் தீவிலும் மிண்டனாவோவிலும் அபுத்ரா என்ற காட்டுக்கொடி உண்டு. தண்டை வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள். காமாலைக்கும் காய்ச்சலுக்கும் அதைக் காய்ச்சுவார்கள். நம் மரமஞ்சளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள மஞ்சள் சத்து பெர்பெரின்தான். மரமஞ்சளின் கதை எனக்கு நேரடியாகத் தெரியும். மேற்குத்தொடர்ச்சி மலையில் கைப்பருமன் தண்டு ஆக ஆண்டுகள் பல ஆகும். சந்தையில் விலை ஏறியதும் வேரோடு பறித்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள செடி. பச்சைக் கொடியைப் பார்த்தே பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன எனக்கு. பிலிப்பைன்ஸின் காட்டு இலவங்கமான காலிங்காக் மரத்துக்கும் பட்டை உரிப்பதால் அதே ஆபத்து உண்டு.

மூதாட்டியின் வாய் மூடியிருப்பதால் காட்டில் ஒரு கொடி மிச்சமிருக்கலாம். இதை ஒரு வைத்தியன் சொல்வது வேடிக்கைதான்.

வண்டுகொல்லி

நான் தொடங்கிவைத்த பேச்சில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். வெளியூர்ச் செடி என்பதால் கொய்யா பழங்குடிகளுக்கு உரியதன்று என்பதுபோல் என் முதல் பதிவு ஒலித்துவிட்டது. நானூறு ஆண்டுகளாக ஒரு செடியோடு பழகியவர்கள் அதை ஆராயாமல் விட்டிருப்பார்களா? சுன்னத்துச் செய்த சிறுவனின் புண்ணைக் கொய்யாயிலை நீரால் கழுவும் வழக்கம் அத்தீவுகளில் எங்கும் உண்டு. எந்த ஸ்பானியரும் அதைக் கற்பித்திருக்க மாட்டார். மிளகாய் இல்லாத நம் சமையலை நினைத்துப் பாருங்கள். அதுவும் கப்பலேறி வந்ததுதான். எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்தக் கையில் எப்படி மாறியது என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும்.

தென்கடல்

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை நேற்றிரவு மீண்டும் எழுதத் தொடங்கினேன். செய்த மாற்றங்களை இங்கே பதிகிறேன்.

தலைப்பில் 'பழங்குடியினரின்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பத்துச் செடிகளும் சுகாதார நிலையத்துச் சுவரொட்டி என்றே அறிமுகமாகின்றன. எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியை அம்மா சொன்னபடி சேர்த்திருக்கிறேன். ஆய்தா, ஹனுனுவோ மக்களைப் பற்றித் தனிப்பகுதி வருகிறது. பாம்புக்கடி, மக்காபுஹாய், டெங்கு ஆகிய மூன்றுக்கும் எச்சரிக்கை அந்தந்த இடத்திலேயே இருக்கிறது, அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கவில்லை.

லூனாஸ் என்ற சொல்லையும் அதன் பொருளையும் எழுதியிருக்கிறேன். புட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன். கிராமத்தின் பெயர் இல்லை. அந்த ஆய்விலிருந்து கொடியின் தாவரவியல் பெயரை எடுத்து, மூதாட்டியின் புட்டியில் இருந்தது இதுவே என்று எழுதிய பத்தியை அழித்துவிட்டேன். அது வெறும் ஊகம். அதோடு, அவர் எனக்குச் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. அவரை மருத்துவர் என்று எழுதுவதா, வைத்தியர் என்பதா, மனனம்பால் என்றே விடுவதா?

நெல்லைச்சித்தம்

மனனம்பால் என்றே விடுங்கள் தம்பி. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'மருத்துவச்சி' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கொடியும் வேரும் தெரிந்த பாட்டிகளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.